பெயருக்கு விட்ட இடம்

சேசு மரி சூசை

பாகூர்
4 பிப்ரவரி 1957

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கொழுந்தன் செபாஸ்டின் வணக்கத்துடன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நாட்கள் நகர்கின்றன. இந்தப் பனியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அல்போன்சாவுக்கு வாதத்தில் விழுந்துபோன வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சு மட்டும் முன்னைவிடத் தெளிவு. நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டுத் திரௌபதி பார்த்துக்கொள்கிறாள். மற்ற நேரம் புருஷன் நான் இருக்கிறேன். ஜனவரியில் நீங்கள் வந்துபோனதை அல்போன்சா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் ஓர் உதவி. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஜூன் கடைசியில் ஐம்பதாவது பிறந்த நாள். உங்கள் கையால் ஒரு வாழ்த்து அட்டை வேண்டும். கடையில் விற்பதெல்லாம் ரோஜாப்பூவும் பூனைக்குட்டியும். ஓர் ஆண்மகனுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாசகம் பிரெஞ்சில். அண்ணனுடைய நாமத் திருநாளுக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களே, அந்த எழுத்து.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

அன்புள்ள,
செபாஸ்டின்

---

வில்லியனூர்
11 பிப்ரவரி 1957

தம்பி செபாஸ்டினுக்கு ஆசீர்வாதம்.

முழங்கால் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அல்போன்சாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஜனவரியில் நான் கால் மணி நேரத்தில் கிளம்பியதற்கு வண்டிக்காரன் அவசரப்படுத்தியதுதான் காரணம்.

அட்டை விஷயம். ஒருவன் பிறந்த நாளுக்கு அவனை எதற்காக வாழ்த்த வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. பிறந்ததில் அவன் செய்தது என்ன? ஞானஸ்நானப் பெயர் கொண்ட அர்ச்சியசிஷ்டவரின் திருநாளைக் கொண்டாடினோம், அதில் மரியாதை இருந்தது. இப்போது ஐம்பது வயதான ஆண்பிள்ளை வாழ்த்து அட்டைக்காகக் காத்திருக்கிறான். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. நீ இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை என்பதால் செய்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மடத்தில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அட்டை வேலை முழுக்கப் பெண்களுக்கானது. ரோஜா, புறா, ஊசியால் குத்திய லேஸ் ஓரம். ஆண்களில் சாமியார்களுக்கும் மேற்றிராணியாருக்கும் மட்டும்தான் எழுதுவோம், அதற்குச் சிலுவையும் திராட்சைக் கொடியும் போதும். இந்த மனிதருக்கு எது பொருந்தும் என்று தெரிய அவர் என்ன செய்கிறவர் என்று தெரிய வேண்டும்.

பெயரும் வேண்டும். நான் எழுத்தை இடது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவள் அல்ல. வரி முழுவதையும் எண்ணி, நடு எழுத்தைத் தாளின் நடுவில் வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போவேன். பெயர் தெரியாமல் நடு எது என்று எப்படித் தெரியும்?

கடைத்தெருவில் தாள் பார்த்தேன். மை பட்டதும் சாக்கடையில் விழுந்த துணி மாதிரி ஊறுகிறது. உன் அண்ணன் வைத்துவிட்டுப்போன பழைய கெட்டித் தாள் கொஞ்சம் இருக்கிறது, அதில் செய்கிறேன்.

இப்படிக்கு,
மதலேனாள்

---

பாகூர்
25 பிப்ரவரி 1957

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு மனம் தேறியது. தேவமாதா உங்களுக்குச் சுகம் தரட்டும்.

அவர் நிலபுலம் உள்ளவர். பொதுக்காரியங்களில் ஈடுபடுகிறவர். பூ, புறா, லேஸ் எதுவும் வேண்டாம். பெயருக்கு இடம் மட்டும் விட்டுவைத்தால் போதும், பிறகு சொல்கிறேன்.

அல்போன்சாவுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். செய்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. யேனாமில் பிரெஞ்சு வாத்தியார் இடம் காலியாம். பள்ளிக்கூடம் திறக்கும்போது இங்கிருந்து ஒருவரை அனுப்பப்போகிறார்கள், அது நானாக இருக்கலாம் என்று பேச்சு. மதராஸ் போய், அங்கிருந்து ரயிலில் ஆந்திரா போய், பிறகு பஸ். அல்போன்சாவை ரயிலில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. திரௌபதி பகலில் பார்ப்பாள், அதற்குமேல் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. நான் போனால் அல்போன்சாவை யார் புரட்டுவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் அதோடு யோசனை நின்றுவிடுகிறது.

பெரிய இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் உத்தரவு நிற்குமாம். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அன்புள்ள,
செபாஸ்டின்

---

வில்லியனூர்
20 மார்ச் 1957

தம்பி செபாஸ்டினுக்கு,

புண்ணுக்கு வேப்பிலை வெந்நீர் நல்லது. ஆறவைத்துத் துடைக்கச் சொல். யேனாம் விஷயத்துக்காகத் தபசு காலம் முழுவதும் செபமாலை சொல்கிறேன்.

அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேறு இடத்தில் மடித்துவிடாதே, நடுவில் கத்தியின் முதுகால் கோடு இழுத்துத்தான் மடித்திருக்கிறேன். அப்படிச் செய்யாமல் மடித்தால் கெட்டித் தாள் வெடித்து நார் தெரியும்.

வெள்ளைத் தாள், வெள்ளை உடுப்பில் கோயிலுக்கு வந்து முதல் நன்மை வாங்கும் சிறுபெண் மாதிரி இருந்தது. அதனால் கெட்டியான காப்பி டிகாக்‌ஷனில் நனைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி உலர்த்தினேன். நிறம் நல்ல தோல் நிறம். படத்துக்குப் பாகூர் ஏரிக்கரைப் பனைமரங்கள். ஒரு மரத்தில் கூட நெளிவு இல்லை, பூ தெரிவதில்லை, ஆண்பிள்ளைக்குப் பனைமரத்தைவிட என்ன வேண்டும். மெழுகுத் தாளில் மரங்களை வெட்டி அட்டையின்மேல் பரப்பி, பல் தேய்க்கிற பிரஷ்ஷை மையில் தோய்த்துச் சீப்பின்மேல் உரசினேன். மை பொடியாகத் தெறிக்கும். மெழுகுத் தாளை எடுத்தால் மரங்கள் தோல் நிறத்தில் நிற்கும், சுற்றிலும் மழைக்கு முந்திய வானம். பிரஷ் புதிதாக வாங்கியது. ஒருவர் வாயில் போனதைத் தொட்டு நான் வேலை செய்வதில்லை.

மை வீட்டில் செய்தது. கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்தேன். எழுதும்போது வெளிறித் தெரியும், மறுநாள்தான் கறுக்கும். சுற்றிலும் கறுப்பில் இரட்டைக் கோடு, வெளியே தடித்தது, உள்ளே மெல்லியது. பெயருக்குக் கீழ்வரியில் இடம் விட்டிருக்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. நடு இல்லாத வரி நொண்டி மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
மதலேனாள்

---

பாகூர்
2 ஏப்ரல் 1957

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

பாஸ்கு நெருங்குகிறது. ஒருசந்தி இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அட்டை வந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அல்போன்சாவிடம் காட்டவில்லை, யாருக்கு என்று கேட்பாள்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா வாத்தியாரே, யாரு செத்துட்டா?” என்று கேட்டார். கறுப்பு ஓரம், அண்ணி. புதுச்சேரியில் அந்த ஓரம் வருவது சாவுக் கடுதாசியில் மட்டும்தானே. எனக்கும் அது தோன்றவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் அட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வேறொன்று வேண்டுமாம். அதில் அவருடைய போட்டோ ஒட்ட முட்டை வடிவத்தில் ஓர் இடம். நான்கு மூலையிலும் ஜிகினா. பழைய அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மன்னியுங்கள்.

அன்புள்ள,
செபாஸ்டின்

---

வில்லியனூர்
29 ஏப்ரல் 1957

தம்பி செபாஸ்டினுக்கு,

அல்லேலூயா. உயிர்த்த ஆண்டவர் உங்கள் வீட்டைப் பார்க்கட்டும். அல்போன்சாவின் புண் ஆறிவருகிறதா?

கறுப்பு ஓரம் என் பிழை. மடத்தில் யாரேனும் இறந்தால் அந்த உறைகளுக்குக் கோடு போட்டவளே நான்தான், ஆண்பிள்ளைத்தனம் என்று தேடிப்போய் அதிலேயே விழுந்திருக்கிறேன். அதற்காக யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் தன் முகத்தைத் தானே தன் வாழ்த்து அட்டையில் ஒட்டச் சொல்கிறவனைப் பார்த்து யார் சிரிப்பது? எனக்குச் சிரிப்பு வரவில்லை, வாய் கசக்கிறது. நீ யாருக்கோ வாழ்த்துச் சொல்கிறாய் என்று நினைத்தேன். இங்கே அவனே கடையில் சட்டை தைக்கக் கொடுப்பது போல அளவு சொல்லி அனுப்புகிறான்.

புதிதாகச் செய்துவிட்டேன். பனைமரங்கள் அப்படியே, ஓரம் மட்டும் இப்போது அவுரி நீலம். முட்டை வடிவத்துக்குக் கோடு போடவில்லை. வேறொரு கெட்டி அட்டைத் துண்டை அந்த வடிவத்தில் வெட்டித் தாளுக்கு அடியில் வைத்து, மேலே கத்தியின் தந்தப் பிடியால் மெதுவாகத் தேய்த்தேன். தாளே வரம்பு கட்டி எழும்பி நிற்கிறது. மை இல்லை, நிறம் இல்லை, வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் தெரியும். அதன்மேல் போட்டோவை ஒட்டிப் பாழாக்குவது அவர் விருப்பம். ஜிகினா கிடையாது. அது தேரில் ஒட்டுவது.

நன்றாக வந்திருக்கிறது. நாற்பது வருஷத்தில் நான் செய்ததில் இதுதான் மிக நல்லது என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது. பெயர் தெரியாத, அகம்பாவம் பிடித்த ஒருவனுக்கு என் கை இவ்வளவு பணிந்து வேலை செய்திருக்க வேண்டாம்.

இந்த முறை அட்டையை அனுப்பமாட்டேன். பெயரை எழுது, எழுதி முடித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மதலேனாள்

---

பாகூர்
6 மே 1957

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம். நலம் வேண்டுகிறேன்.

பிரெஞ்சு எழுத்தில் பெயருக்குப் பத்து எழுத்து வரும். அதை வைத்து நடுவைக் கணக்குப் பார்த்து இடம் விட்டு அனுப்பிவிடுங்கள். பெயரை இங்கே நான் எழுதிக்கொள்கிறேன். என் எழுத்து உங்கள் எழுத்து ஆகாது என்று தெரியும். பரவாயில்லை.

மேற்கொண்டு கேட்காதீர்கள், அண்ணி.

செபாஸ்டின்

---

வில்லியனூர்
21 மே 1957

செபாஸ்டினுக்கு,

கருவாடு விற்கிற காசம்மாள் நேற்று வந்தாள். பாகூர்ச் சந்தைக்கும் போகிறவள், எல்லா ஊர்க் கதையும் அவள் கூடையில் இருக்கும். நான் கேட்காமலே ஆரம்பித்தாள்.

“இன்னாம்மா, உங்க கொழுந்தனாரு ஊருல ஒரே அமர்க்களம். அடுத்த மாசம் தேவநாதனுக்குப் பொறந்த நாளாம். அம்பது வயசுக்குப் பொறந்த நாளு, தொட்டில் ஒண்ணுதான் கட்டல. பந்தல் போடறாங்க, பேண்டு வருது. புதுச்சேரியிலேருந்து அதிகாரிங்க வர்றாங்களாம்.”

“எந்தத் தேவநாதன்?” என்று கேட்டேன்.

“ஏம்மா, ஊருக்கு எத்தனை தேவநாதன்? பிரெஞ்சுக்காரன் இருந்த மட்டும் அவனுக்கு ஓட்டுப் போடாதவன் வூட்ட எரிச்சிக்கினு இருந்தான். இப்ப கதர் சட்டை போட்டுக்கினு சுதந்திரம் நாந்தான் வாங்கியாந்தேன்றான். உங்க கொழுந்தனாருகூட தெனம் அவன் வூட்டு வாசல்ல நிக்கிறாரே, உங்களுக்குச் சொல்லலியா?”

நான் கருவாடு வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு பத்து எழுத்தையும் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 1951 மே மாதம். உன் அண்ணன் பாகூர் மேரியில், அந்த நகரசபை ஆபீசில், கிளார்க்காக இருந்தபோது, செத்தவர்கள் பெயரில் விழுந்த ஓட்டை எண்ணமாட்டேன் என்று தேவநாதனிடம் சொன்னார். அடுத்த வாரம் காய்ச்சலில் இறந்தார். காய்ச்சலுக்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தேவநாதன் தெருவின் இரண்டு முனையிலும் தடியோடு ஆட்களை நிறுத்தினான். பெட்டி செய்கிறவன் வரவில்லை. தூக்க ஆள் வரவில்லை. சாமியாரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் நண்பகல் வரைக்கும் அந்த மே மாத வெயிலில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு தூவினேன். சாம்பிராணி போட்டேன். பிறகு என்ன போட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. நீயும் உன் பள்ளிக்கூடத்து மூன்று பேரும் கொல்லைப் பக்கமாக வந்து, கதவைக் கழற்றி, அதன்மேல் வைத்துத் தூக்கிப்போனீர்கள்.

அந்த வாடை என் மூக்கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் நோயாளி படுத்திருக்கிற அறைக்குள் என்னால் நுழைய முடியாது, குடல் புரளும். ஜனவரியில் எந்த வண்டிக்காரனும் என்னை அவசரப்படுத்தவில்லை.

அந்த மனிதனுக்காகவா நான் பனைமரம் வெட்டினேன்? உனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் தெரிந்திருந்தது.

மதலேனாள்

---

பாகூர்
14 ஜூன் 1957

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

அண்ணனைத் தூக்கிய தோள் என்னுடையது. கதவின் விளிம்பு எங்கே அழுத்தியது என்று இன்றும் காட்டுவேன். நான் எதையும் மறக்கவில்லை. அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் தெரியாமலே செய்து கொடுத்துவிட்டால் மிச்சத்தை நானே எழுதிக்கொள்ளலாம், பாவம் என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

யேனாம் உத்தரவு வெறும் பேச்சு அல்ல. என் பெயர் போட்டு எழுதியாகிவிட்டது. கையெழுத்தாகவில்லை, அவ்வளவுதான். தேவநாதன் ஒரு வார்த்தை சொன்னால் வேறொருவர் பெயர் வரும். இதுவரை நான் எழுதாமல் விட்ட ஒன்றையும் இப்போது எழுதிவிடுகிறேன். அட்டை கேட்டது நான் அல்ல. அவர்தான். உங்களிடமிருந்துதான் வேண்டும் என்று கேட்டார்.

“பழைய குடும்பத்துக்காரங்க வாழ்த்தையெல்லாம் பந்தல்ல கயிறு கட்டித் தொங்கவிடப் போறோம், வாத்தியாரே. நடுவுல கிளார்க்கு சம்சாரம் வாழ்த்து இருக்கணும். அந்தம்மா கையால எழுதி, கீழ அவங்க பேரும் போட்டுடணும். வர்ற பெரிய மனுஷங்க பார்க்கட்டும்.”

நான் வாசலில் கழற்றிவிட்டிருந்த என் செருப்பைப் பார்த்தேன்.

“இன்னா யோசிக்கிறே? செத்தவரு செத்துட்டாரு. நான் அதெல்லாம் மனசுல வச்சிக்கிறதில்ல. அந்தம்மா பேரு அங்க தொங்கட்டும், அப்புறம் யேனாமாவது கீனாமாவது.”

மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம், அண்ணி. அவர்.

அல்போன்சாவுக்கு எதுவும் தெரியாது. யேனாம் என்கிற சொல்லையே நான் வீட்டில் சொன்னதில்லை. நேற்றுப் புரட்டிப் படுக்கவைத்தபோது, “ராவெல்லாம் எழுதிக் கிழிக்கிறீங்களே, யாருக்கு?” என்று கேட்டாள்.

இரண்டு பெயர், அண்ணி. அவருடையது ஒன்று, உங்களுடையது ஒன்று. 30ஆம் தேதி விழா. எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுதவேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

செபாஸ்டின்

---

வில்லியனூர்
17 ஜூன் 1957

தம்பி செபாஸ்டினுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்ததும் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரு பெண் படுக்கையில் கிடக்கிறாள், எழுதித் தொலைப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். வரியை அளந்து, நடுவைக் குறித்து, பென்சிலில் அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. எழுத்து அழகாக வந்தது. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் குமட்டியது, பின்கட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்து ரொட்டித் துண்டால் அதைத் துடைத்துவிட்டேன்.

எழுதமாட்டேன். அவனுக்கு என் கோபம் கிடைத்தால்கூடப் பரவாயில்லை, என் மன்னிப்பு மாதிரி தெரிகிற ஒன்றை அவன் கயிற்றில் மாட்டித் தொங்கவிடக் கூடாது. உன் அண்ணன் செத்தவர்களின் ஓட்டை எண்ண மறுத்தார். அவரையே இப்போது அவனுக்கு ஓட்டுப் போட வைக்க என்னால் முடியாது.

நீ யேனாம் போ. அல்போன்சாவை இங்கே கொண்டுவந்து விடு.

வேறு யாரும் இல்லை என்று நீ எழுதிக்கொண்டே இருந்தாய். நான் இருக்கிறேன் என்று உனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும், அதற்காக உன்மேல் வருத்தம் இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஆசை என்று எண்ணிவிடாதே. ஆசை இல்லை. அவள் அறையின் வாடையை இப்போது நினைத்துக்கொண்டால் பேனா கையிலிருந்து நழுவுகிறது. ஆனாலும் அவன் பெயரை எழுதுகிற கையைவிட, மலத்தைத் துடைக்கிற கையைக் கழுவுவது சுலபம். சோப்பு போதும்.

கூண்டு வண்டி பிடி. அடியில் வைக்கோல் ஒரு முழம் உயரத்துக்குப் போடு, மேலே மெத்தை. வெயிலுக்கு முன்னால் கிளம்பு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் புரட்டிவிடு. பழைய பருத்திப் புடவைகளை எல்லாம் கொண்டுவா, கிழித்துக்கொள்ளலாம். அவளுக்குப் படுக்கையில் வைக்கிற பீங்கான் சட்டியையும் கொண்டுவா, என் வீட்டில் அப்படி ஒன்று இருந்ததில்லை. பகலில் அவளைப் புரட்ட என் தெருவில் மாரியம்மாளை ஏற்பாடு செய்திருக்கிறேன். என்னால் ஒருத்தியாகத் தூக்க முடியாது.

இதையெல்லாம் அவளிடம் நீயே சொல். யேனாமையும் சொல். அவளுக்கு விழுந்தது கையும் காலும்தான்.

மதலேனாள்

---

யேனாம்
5 ஆகஸ்ட் 1957

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே கோதாவரி ஆறு கடல் மாதிரி இருக்கிறது. சோற்றில் காரம், பேச்சில் தெலுங்கு. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

கிளம்புமுன் தேவநாதனிடம் போய், “அண்ணி எழுதமாட்டார்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். “அப்படியா. யேனாம்ல மீனு நல்லா இருக்கும், வாத்தியாரே” என்றார். முதல் தடவையாக அவர் வீட்டு வாசலில் நான் செருப்போடு நின்றேன். அதைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை.

வண்டியிலிருந்து அவளை இறக்கியபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் ராத்திரியெல்லாம் நினைவுக்கு வருகிறது. அவள் உங்களைக் கஷ்டப்படுத்துகிறாளா? உங்களால் முடியாவிட்டால் மறைக்காமல் எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அன்புள்ள,
செபாஸ்டின்

---

வில்லியனூர்
27 ஆகஸ்ட் 1957

தம்பி செபாஸ்டினுக்கு ஆசீர்வாதம்.

தேவமாதாவின் பரலோகத் திருநாளன்று உன் பெயருக்குப் பூசை வைத்தேன். ஆற்றங்கரைக் காற்று உனக்கு ஆகாது, கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். முதல் வாரம் தினமும் வாந்தி எடுத்தேன். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பார்த்தேன், கற்பூரத்தை மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை, இப்போது கிராம்பைக் கண்டாலும் குமட்டுகிறது. இரவில் மாரியம்மாள் இல்லாத நேரத்தில் நானே புரட்டுகிறேன், முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. முதுகுப் புண் இரண்டில் ஒன்று மூடிவிட்டது. இன்னொன்றில் சீழ் வருவது நின்றிருக்கிறது, தோல் வர வேண்டும்.

உன் மனைவி நல்ல நோயாளி அல்ல. என் காப்பி தண்ணீர் என்கிறாள். நான் செபமாலை சொல்கிற வேகத்தில் எந்தப் பரிசுத்த ஆவியும் கூட ஓடி வரமுடியாது என்கிறாள். கஞ்சியில் உப்பு இல்லை என்று துப்பினாள், அது என் கழுத்துப்பட்டையில் விழுந்தது. துவைக்கக் கொடுத்ததை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன்.

அந்த அட்டையை அலமாரியில் கண்டுபிடித்துவிட்டாள். கதவு திறந்திருந்தது, அவளுக்கோ நாள் முழுக்கப் பார்க்க வேறு என்ன இருக்கிறது.

“ஆம்பள அட்டையாட்டம் இருக்குதே, யாருக்குக்கா?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“நல்லாத்தான் இருக்குது. பனைமரம் ஒண்ணு மட்டும் கோணல்.”

கோணல் இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் அவளுக்கு வயிறு கெட்டுப்போயிருந்தது. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள், வண்டியிலிருந்து இறக்கியபோது நீ பார்த்த முகம்தான். அவள் என்னையே பார்த்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

“முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள், அல்போன்சா. என்னால் இதை மாற்றிக்கொள்ள முடியாது. உன்மேல் ஒன்றும் இல்லை” என்றேன்.

“மாத்தாதீங்கக்கா” என்றாள். “அங்க தெரௌபதி சிரிச்சிக்கினே தொடைப்பா. டாக்டரு சிரிச்சிக்கினே பார்ப்பாரு. எங்க வூட்டுக்காரருகூட சிரிச்ச மூஞ்சியாத்தான் வருவாரு. எங்கிட்ட நாத்தமே இல்லன்ற மாதிரி. பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கினுதான் அப்படி நடிப்பாங்க. நீங்க மூஞ்சிய சுளிக்கிறீங்க பாருங்க, அப்பத்தான் நான் இன்னும் சாவலன்னு தோணுது.”

பழைய புடவையைக் கிழித்து அடியில் விரித்து, மாரியம்மாளைக் கூப்பிட்டு இடது பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தோம். முகத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

வேலையை விடாதே.

இப்படிக்கு,
மதலேனாள்